இருநூற்றுப் பன்னிரண்டாம் பதிவின் வாசனை

அமலோற்பவத்தின் வலது உள்ளங்கையில் மூக்குப்பொடி வாசனை வந்த செவ்வாய்க்கிழமை சிப்பிக்கரையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் கடல் ஒரே வாரத்தில் எங்களுடைய மூன்று தெருக்களையும், பள்ளிக்கூடத்தில் பாதியையும், அந்தோணியார் குருசடியின் படிக்கட்டுகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. அதற்கே ஆச்சரியப்பட்டுத் தீர்ந்துபோனவர்களுக்கு, ஒருத்தி கையில் இன்னொருவர் வாசனை அடிப்பது அன்றாடத்தில் கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அதனால் நமக்கு என்ன உபயோகம் என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

அமலோற்பவம் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடல் எடுத்த தெருக்காரர்களுக்கு ஊருக்கு மேற்கே மேட்டில் வீடு கட்டிக் கொடுப்பதற்காக அரசாங்கம் ஒரு தனி அலுவலகத்தைத் திறந்து, ஒரு தனித் தாசில்தாரைப் போட்டு, எல்லாக் கணக்கையும் வைத்துக்கொள்ள இணையத்தில் ஒரு செயலியையும் கொடுத்திருந்தது. அந்தச் செயலியில் தட்டுவதற்கு ஒப்பந்தத்தில் எடுத்த ஆபரேட்டர்தான் அமலோற்பவம். கரிசல் பக்கத்திலிருந்து வந்தவள், கடல் எடுத்ததற்கு ஒரு வருஷம் முன்னால் கிராம அலுவலக வேலைக்கு வந்துதான் எங்கள் ஊரைப் பார்த்தவள். முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் குடும்பத் தலைவர் பெயர், வீட்டு ஆட்கள், மேட்டில் எத்தனையாவது வரிசையில் எந்த வீடு, ஆள் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று எல்லாம் இருக்கும்.

செயலிக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி ரகசியச் சொல்லும் உண்டு என்றுதான் சட்டம். ஆனால் நுழையும்போதெல்லாம் கைபேசிக்கு ஒரு ஓடிபி வரும், எங்கள் ஊரில் சிக்னல் வருவது அந்த அலுவலகத்தின் கிழக்கு ஜன்னல் ஓரம் மட்டும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவள் அமலோற்பவம். ஆகவே தாசில்தார் நல்லபெருமாள் சாரும், நில அளவர் ரத்தினசிகாமணி சாரும், கிராம நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றுப்போன சுடலையாண்டி சாரும், அவர்களைப் பார்க்க வந்து அவசரத்துக்கு ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போனவர்களும் எல்லோரும் அவள் பெயரில்தான் உள்ளே போனார்கள். ரகசியச் சொல் மாதா கோயில் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் யாராவது "அம்மா, நம்பர்" என்பார்கள். அவள் எச்சில் கையோடு கைபேசியை எட்டிப் பார்த்து ஆறு எண்களைச் சத்தமாகச் சொல்வாள். ஒருத்தி சட்டையை ஊரே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது மாதிரிதான். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு வீடுகள் கட்டி முடிந்து, சாவிகள் கொடுத்து, அந்த வீடு எனக்கு வரவேண்டியது, இந்தப் பெயர் எப்படி மாறியது என்று மனுக்கள் குவிந்தன. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து செயலியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். எந்தப் பதிவைத் திறந்தாலும் மூலையில் ஒரு கடிகாரப் படம். அதைத் தொட்டால் முதலில் என்ன இருந்தது, பிறகு என்னவாக மாறியது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, மாற்றியது யார் என்று வரி வரியாக வரும். மாற்ற வரலாறு என்று பெயர். "இனிமே யாரும் எதையும் மறைக்க முடியாது, சார்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

நாங்கள் திறந்து பார்த்தோம். ஆயிரத்து நூற்று நாற்பது மாற்றங்கள். மாற்றியவர் அமலோற்பவம், மாற்றியவர் அமலோற்பவம், மாற்றியவர் அமலோற்பவம் என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி கடைசி வரைக்கும் ஒரே பெயர்.

"நான் இவ்வளவு மாத்தலயே, சார்" என்றாள் அவள்.

நல்லபெருமாள் சார் மின்விசிறியைப் பார்த்தார். ரத்தினசிகாமணி சார் தன் வரைபடத்தைச் சுருட்டி மறுபடியும் விரித்தார். அவள் திரையில் தூசி இருக்கிறதோ, சரியாகத் தெரியவில்லையோ என்று ஒரு வரியின் மேல் உள்ளங்கையை வைத்துத் துடைத்தாள், துடைத்த கையால் மூக்கைச் சொறிந்தாள், இரண்டு தும்மல் போட்டாள். அப்புறம் கையை நன்றாக முகர்ந்து பார்த்து, "சார், இது பொடி வாசனை. நம்ம சுடலையாண்டி சார் போடுத பொடி" என்றாள். அடுத்த வரியில் கை வைத்தாள், ஏலக்காய் அடித்தது. அலுவலகத்தில் ஏலக்காய் மெல்லுகிறவர் ஒருவர்தான். நல்லபெருமாள் சார் மென்று கொண்டிருந்ததை மெதுவாக விழுங்கினார்.

அப்படித்தான் தெரிந்தது. செயலிக்கு அவள் பெயர் மட்டும்தான் தெரியும், அவள் கைக்கு யார் கை என்று தெரியும்.

இதை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்ததை எப்படி ஏற்றுக்கொண்டதோ அப்படித்தான், வரிசையில் நின்று. முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. இரண்டாம் வாரம் தாசில்தார் ஒரு சுற்றறிக்கை போட்டார்: முகர்தல் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை, அலுவலகத்துக்குள் ஊதுபத்தி கூடாது, மல்லிகைப்பூ வைத்த பெண்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஊரறிந்த மூக்குள்ள சாட்சிகள் இரண்டு பேர் முகர்ந்து பதிவேட்டில் 'வாசனை' என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றம் தவறு என்று தெரிந்தால், மாற்றியவரே காரணம் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அதைத் திருப்ப முடியும் என்பது செயலியிலேயே இருந்த விதி.

அந்த இரண்டு சாட்சிகளில் ஒருவன் நான். பர்னபாஸ் என்று பெயர், கருவாட்டுக் கிட்டங்கியில் சரக்கைத் தரம் பிரிக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து நெத்திலி எந்தக் கரையில் காய்ந்தது என்று சொல்லுவேன், அதனால்தான் கூப்பிட்டார்கள். இரண்டு வரிக்கு நடுவே மூக்கு தெளியட்டும் என்று ஒரு வாளைக் கருவாட்டுத் துண்டை முகர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை அரசாங்கக் காரியத்தில் கொண்டுவந்தவன் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என்னென்னவோ வெளியே வந்தது. காற்று வரும் மூலை வீட்டை இன்னொருவருக்கு மாற்றிய வரியில் ஏலக்காய் அடித்தது. நல்லபெருமாள் சார் எழுந்து நின்று, "ஒரு ஆளு கேட்டாரு, முகத்த முறிக்க முடியல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக் காரணம் எழுதி அன்றைக்கே திருப்பினார், அதற்குப் பிறகு அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. நூற்று நாற்பதாம் பதிவில் குடும்பத் தலைவர் வின்சென்ட் என்றிருந்தது எப்போதோ அவர் மனைவி பிளாரன்ஸ் என்று மாறியிருந்தது. யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்று மனுப் போட்டவளே பிளாரன்ஸ்தான். கையை முகர்ந்தால் டீசல். அவள் புருஷன் ஓட்டுகிற விசைப்படகின் டீசல், கூடவே அவன் பூசுகிற தேங்காயெண்ணெய். இருபது வருஷமாக அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத மனிதன், யாருக்கும் தெரியாமல் வந்து வீட்டை அவள் பெயருக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தான். அவள் அமலோற்பவத்தின் கையை விடவே இல்லை. பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போடும் வரைக்கும் அதிலேயே மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊரின் குணமும் கொஞ்சம் மாறியது. செயலிக்குள் ஒன்றைத் திருத்தப் போகிறவர்கள் கை கழுவிவிட்டுப் போனார்கள், கழுவினாலும் பயனில்லை என்று தெரிந்தபின் யோசித்துவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதைத் தொட்டுப் பேசினார், திங்கட்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

அமலோற்பவம் இதில் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது பழி அவள் தலையில் இருந்தது; நாளுக்கு இருபது, முப்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது. அவளாகத் தட்டிய வரிகளை அவளே ஒத்துக்கொண்டாள், அவற்றுக்கெல்லாம் நோட்டில் குறிப்பு வைத்திருந்தாள், யாரும் முகரக் கேட்கவில்லை. "என் கை சுத்தம், அண்ணாச்சி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது குழந்தை மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பதிவு வந்தது.

குடும்பத் தலைவர் சலேத்மேரி, உடன் இருப்பவர் மகள் ஒருத்தி. நிலை என்ற இடத்தில் 'ஊரில் இருக்கிறார்' என்று இருந்தது 'ஊரில் இல்லை' என்று மாறியிருந்தது. மாறியது, கடல் தெருக்களை எடுத்துப் பதினோராம் நாள், காலை பத்து நாற்பத்தி மூன்றுக்கு. அந்த ஒரு வரியால் மேட்டில் முன்னூற்றுப் பதினொரு வீடுகளில் மட்டும் அடுப்பு எரிந்தது, கடைசி வீட்டின் சாவி மற்றவர்களுக்குச் சாவி கொடுத்த நாளிலிருந்து தாசில்தாரின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. சலேத்மேரி மிஞ்சியிருந்த பாதிப் பள்ளிக்கூடத்தின் பின்னால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மகள் ஜெனோவாவோடு இருந்தாள். இந்த மாதம் முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பட்டியலை மூடப்போவதாகவும், ஆளில்லாத வீட்டை வேறு ஊருக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்குள் அந்த வரியை மாற்றியவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சலேத்மேரியை எங்கள் ஊரில் யாரும் சலேத்மேரி என்று கூப்பிடுவதில்லை. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு: கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடலும் கரை சேராமல் இருந்தால், அவன் மனைவி தன் பெயருக்கு யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள், அவன் வந்து கூப்பிடும்போது முதல் பதில் அவனுக்குத்தான் போக வேண்டும் என்று வைத்திருப்பாள். கடல் தெருக்களை எடுத்தபோதே அவள் புருஷன் கஸ்பார் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பதில் வராத பெயரை எத்தனை நாள் கூப்பிடுவது, நாங்கள் ஜெனோவா அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம், நாளடைவில் அவள் பெயர் காகிதங்களில் மட்டும் இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த அமலோற்பவத்துக்கும் அவள் ஜெனோவா அம்மாதான், தினமும் காலையில் ஜன்னல் வழியாக அவளுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போகிற சிநேகிதி. இருநூற்றுப் பன்னிரண்டில் விழுந்துபோன பெயர் தன் சிநேகிதியுடையது என்று ஜெனோவா போட்ட மனுவைப் படித்தபோதுதான் அமலோற்பவத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து, இதைச் செய்தவனைப் பிடிக்காமல் விடமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாளுக்கு நோட்டிலும் குறிப்பு இல்லை, அவளிடமே நோட்டு இல்லாத நாட்கள் அவை.

அவள் அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். முகர்ந்தாள். மறுபடியும் வைத்தாள், மறுபடியும் முகர்ந்தாள்.

"ஒன்னும் வரலயே" என்றாள். "அண்ணாச்சி, நீங்க பாருங்க."

நான் கருவாட்டுத் துண்டை ஒருமுறை முகர்ந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவள் கையில் மூக்கை வைத்தேன். வாசனை பளிச்சென்று வந்தது. கொத்தமல்லித் தழையை அலசிய தண்ணீர் மாதிரி ஒரு பச்சை வாசனை, அதற்கு மேல் வேறு ஒன்று லேசாக. அந்தப் பச்சை வாசனையை எனக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தினமும் அந்தக் கையில்தான் மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறேன், எந்த வாசனை வந்தாலும் அதற்கு அடியில் தரை மாதிரி இருந்த வாசனை அது.

"சளி பிடிச்சிருக்கும்மா" என்றேன். "எனக்குச் சரியாத் தெரியல."

இரண்டாவது சாட்சி பிளாரன்ஸ். அவள் முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் நேற்றிலிருந்து சளி என்றாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் யாரையெல்லாமோ கூப்பிட்டு முகரச் சொன்னாள், கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் சளி. சித்திரை வெயிலில் சிப்பிக்கரையே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தது. எங்களைத் தப்பாக நினைக்காதீர்கள். கடல் தெருக்களை எடுத்த அந்தப் பதினோரு நாளும் வீட்டுக்குப் போகாமல், அந்த நாட்களில் மட்டும் சிக்னல் வண்டி வந்து நின்ற பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தச் செயலிக்குள் ஏற்றியவள் அவள். தன்னிடம் இருந்த மூன்று சேலையில் இரண்டைக் கொடுத்தவள். ஒப்பந்த ஆபரேட்டர் ஒரு குடும்பத்தின் பதிவைத் தப்பாக மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது, அது எங்களுக்குத் தெரியும். அதைவிட, விரித்துக் காட்டிய அந்த இரண்டு கையை நான் பார்த்திருந்தேன். எந்த வாயால் சொல்வது?

ஒருத்திக்கு இரக்கம் பார்த்து இன்னொருத்தியைத் தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருக்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மூக்கை உறிஞ்சினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை ரத்தினசிகாமணி சார் வந்து, "அந்த வரிய நான்தாம்மா மாத்துனேன், ஞாபகம் வந்துட்டு, காரணம் எழுதித் தாரேன்" என்றார். அவருக்கு அடுத்த மாதம் ஓய்வு, வேலை போகும் பயமில்லை. அவள் அவர் கையை இழுத்து முகர்ந்தாள். வெற்றிலையும் பழைய வரைபடத்தின் பூச்சி உருண்டையும். பிறகு திரையில் கை வைத்து முகர்ந்தாள்.

"இதுல அது இல்ல. எதுக்கு சார் பொய் சொல்லுதீங்க?"

"கெடக்கு விடும்மா. வேல நடந்தாச் சரிதானே?"

"செய்யாதவங்க செஞ்சேன்னு எழுதுததுக்கா இந்த வரலாறக் கொண்டுவந்தாங்க? இந்த ஒரு மாசமா நான் பட்டது போதாதா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை அவள் கையை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பதிவேட்டைப் புரட்டுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். திடீரென்று அவள் மூக்கு அசைந்தது. எனக்கு லேசாக வந்த அந்த இரண்டாவது வாசனை அவளுக்கும் இப்போது எட்டியிருந்தது.

"கருப்பட்டிக் காப்பி" என்றாள். "சுக்கு தட்டிப் போட்டது. அண்ணாச்சி, இந்த ஊர்ல காப்பிக்குச் சுக்கு தட்டிப் போடுதது ஒரே ஆளு."

அந்த ஒரே ஆள் அப்போதுதான் மீன் கூடையோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஜெனோவா அம்மா, உள்ள வாங்க" என்றாள் அமலோற்பவம். அவள் வந்தாள். "இந்த வரியில உங்க காப்பி வாசனை வருது. உங்க பேர நீங்களே எடுத்தீங்களா? யாராவது மிரட்டிச் செய்யச் சொன்னாங்களா? எங்கிட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

சலேத்மேரி கூடையை இறக்கி வைத்தாள்.

"எனக்கு இந்த மிஷின் தெரியுமாம்மா? நான் எங்கன எடுக்க?"

"பின்ன எப்படி வாசனை வரும்?"

சலேத்மேரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"விடுங்கம்மா" என்றாள். "நான் எப்பமாவது கேட்டேனா? மழைக்குத் தார்ப்பாய் தாங்கும்."

"நாளைக்கு மூடுதாங்க. சொல்லுங்க."

சலேத்மேரி மெதுவாகச் சொன்னாள். "பள்ளிக்கூடத்து முத்தத்துல நீங்க பேரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீய. தொண்ட கட்டிப் போச்சு உங்களுக்கு. பாக்கப் பாவமா இருந்திச்சு, நான் காப்பி வச்சுக் கொண்டாந்தேன். அப்பம் நீங்க ஒரு பேரக் கூப்பிட்டீய. மூணு தரம் கூப்பிட்டீய. நான் டம்ளர நீட்டிக்கிட்டு உங்களுக்கு நேர் முன்னாலதான் நிக்கேன். நீங்க தலைய நிமித்தாம டம்ளர வாங்கி ஒரு மடக்குக் குடிச்சிட்டு, அந்தக் கையாலயே தட்டினீய. தட்டிட்டு அடுத்த பேரக் கூப்பிட்டீய. என்னத்தத் தட்டினீயன்னு எனக்கு அப்பத் தெரியாது."

அமலோற்பவம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள், திரையில் பத்து நாற்பத்தி மூன்று என்று இருந்ததைப் பார்த்தாள். அந்தக் காப்பியின் சூடு அவளுக்கு ஞாபகம் வந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொடுத்தது யார் என்று அன்றைக்கு அவள் பார்த்திருக்கவில்லை.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? பதினோரு நாளு ஒறங்காத பிள்ளைட்ட, நீ என்னைய இல்லன்னு எழுதிட்டன்னு சொல்லவா?"

அமலோற்பவம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, உங்களுக்குச் சளி விட்டுட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொத்தமல்லி அலசின தண்ணி மாதிரி ஒரு வாசனைம்மா" என்றேன். "அது உன் வாசன. ஆளாளுக்கு உண்டு. ஆனா அவங்கவங்களுக்குத் தெரியாது."

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைபேசியை எடுத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள், மாதா காலண்டரைத் திருப்பி, பின்னால் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பர் வைத்து அழித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே அலுவலகத்தில் இருந்தது. அவள் காரணக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள். நல்லபெருமாள் சார் ஏலக்காய் மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"கணினிக் கோளாறுன்னு எழுதும்மா" என்றார் தணிந்த குரலில். "நான் ஒத்துக்கிடுதேன். இப்படி எழுதினா உனக்கு வேல இருக்காது."

"கணினி சரியாத்தான் இருந்திச்சு, சார்" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டு அடுத்ததற்குப் போனார். ஊரில் இல்லாதவர் இருக்கிறார் என்று மாற்ற, விதிப்படி, சாட்சிகள் முன்னால் பெயர் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும், ஆள் பதில் சொல்ல வேண்டும். சலேத்மேரி கதவருகில் நின்றாள், பக்கத்தில் ஜெனோவா. சலேத்மேரி பதில் சொல்ல மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். கஸ்பாருக்காகப் பன்னிரண்டு வருஷம் பொத்தி வைத்த ஒரு சொல்லை ஒரு வீட்டுச் சாவிக்காக அவிழ்க்க மாட்டாள், அவிழ்க்கும்படி கேட்க எங்களுக்கும் மனசு வராது. தாசில்தார் காகிதத்தைக் கையில் எடுத்து, பெயரைப் படிக்க வாயைத் திறந்தார்.

"கூப்பிடாதீங்க, சார்" என்றாள் அமலோற்பவம்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஜன்னலோரத்தை விட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சலேத்மேரியின் நேர் முன்னால் நின்றாள். அன்றைக்கு டம்ளர் நீட்டிய தூரம்தான் இருக்கும். நின்று அவளைப் பார்த்தாள்: நெற்றியில் கூடைச் சும்மாடு அழுத்திய தடம், காதில் தோடு இல்லாத துளைக்குள் வேப்பங்குச்சி, வெயிலில் சுருங்கிய கண். அவசரப்படாமல் பார்த்தாள். சலேத்மேரியும் பார்த்தாள். ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் கண் நிறைந்தது, இரண்டு பேரும் துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து தட்டினாள். தட்டியதை ரத்தினசிகாமணி சார் எங்களுக்காகச் சத்தமாகப் படித்தார். முன்பு இருந்தது: ஊரில் இல்லை. இப்போது: ஊரில் இருக்கிறார். மாற்றியவர்: அமலோற்பவம். காரணம்: பெயரை அழைத்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது. இன்று நிமிர்ந்து பார்த்தேன். இருக்கிறார்.

இந்தக் காரணம் விதிக்குள் வருமா என்று தாசில்தார் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து ஜெனோவாவின் கையில் கொடுத்தார். அந்த மாதத்தோடு அமலோற்பவத்தின் ஒப்பந்தம் முடிந்தது, அவள் கையில் யார் வாசனையும் வருவதும் அதோடு நின்றது, இப்போது மேட்டில் அரிசி மாவு மில்லில் இருக்கிறாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அவள் புதிதாக விழுந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து, வைத்த கையை எங்கள் பக்கம் நீட்டினாள்.

"சாட்சி வேணும்லா? மோந்து பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

முதலில் சலேத்மேரி வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து முகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நான், பிளாரன்ஸ், ரத்தினசிகாமணி சார், தாசில்தார், வாசல் வரைக்கும் ஊர். ஒவ்வொருவராக வந்து முகர்ந்து பதிவேட்டில் கொத்தமல்லி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சளி இல்லை.